நம்ம பக்கம் ஸ்பைடர்மேன் வந்தால் வலையை எதில் ஒட்டுவான்?

வெண்ணாறு வடகரை:

போன வாரம் மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் என்கிற வீடியோ கேமை முடித்தேன். 2018-ல் பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4) பெட்டிக்கு வந்து, 2022 ஆகஸ்டில் கணினிக்கு வந்ததே, அதேதான். மார்கழித் தள்ளுபடியில் வாங்கினேன். 75 ஜிபி இடம் கேட்கிறது. நான் இருப்பது நீடாமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். இறக்கி முடிக்க மூன்று ராத்திரி ஆனது, அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக ஒரு இழையில் கொட்டியிருக்கிறேன்.

முடித்தேன் என்றால் கதையைத்தான். விளையாட்டை மூட முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு மிஷனும் எடுப்பதில்லை. ஆட்டத்தில் வருகிற நியூயார்க்கில், ஹார்லெம் பக்கம் ஏதாவது மொட்டைமாடியிலிருந்து குதித்து, தெற்கே வால் ஸ்ட்ரீட் பக்கம் வரை தொங்கிக்கொண்டே போகிறேன், தண்ணீர் தெரிந்ததும் திரும்புகிறேன். பின்னால் நின்று பார்த்த வீட்டம்மா, "என்ன, டவுன் பஸ் ஓட்டுறீங்களா? போறீங்க, வர்றீங்க, யாரையும் ஏத்தக் காணோம்" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கன்ட்ரோலரில் ஆர்2 பட்டனை அழுத்திப் பிடித்தால் வலை போய் ஏதோ ஒரு கட்டடத்தில் ஒட்டுகிறது. ஊஞ்சல் மாதிரி இறங்கி, அடிமட்டத்தில், கார் கூரை காலில் உரசுகிற இடத்தில் விட்டு ஜம்ப் அடித்தால் ஆள் முன்னால் சீறிப் போகிறான். அதே வலையை மேலேறி முடிகிற நேரத்தில் விட்டால் உயரம் கிடைக்கிறது, வேகம் போய்விடுகிறது. சின்ன வயதில் வெண்ணாற்றங்கரை ஆலமரத்து விழுதைப் பிடித்து ஆடி ஆற்றில் குதித்தவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சீக்கிரம் விட்டால் கரையில் விழுந்து முட்டி பெயரும், தயங்கினால் திரும்பக் கரைக்கே வந்து சேருவோம். அந்த நடு நொடி கைக்குத் தெரியும், வாயால் சொல்ல வராது. முப்பது வருஷம் கழித்து அதே நொடி கன்ட்ரோலரில் கிடைக்கிறது.

ஆனால் சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்தால் கதை மாறிவிடுகிறது. சுற்றி மரம்தான். வலை கிளையில் ஒட்டும், ஆட்டம் குட்டையாகிவிடும், குரங்கு மாதிரி தாவித் தாவிப் போக வேண்டும். நேற்று அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நாலு தென்னை, ஒரு மோட்டார் கொட்டகை. இங்கே வந்தால் இவன் என்ன செய்வான்?

கேட்க வந்தது இரண்டு. ஒன்று, இந்த மாதிரி போவதிலேயே சுகம் இருக்கிற வேறு சூப்பர்ஹீரோ ஆட்டம் எது? இரண்டு, சண்டையெல்லாம் இந்தச் சவாரிக்குக் கொடுக்கிற டிக்கெட் காசு என்று எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?


சும்மா பார்வையாளன்:

பெரிய கோயில் விமானம் 216 அடி. அங்கே ஒரு வலை போடலாம். அடுத்த வலைக்குத் திருவாரூர் ஆழித்தேர் வெளியே வர வேண்டும், அது 96 அடி, வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் உள்ள ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு அரசுப் பேருந்து இருக்கிறது.


டிகிரி காபி:

வடகரை, உங்கள் முதல் கேள்விக்கு 20 வருஷத்துக்கு முன்னால் போக வேண்டும். வயதான ஆள் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000-ல் வந்த ஸ்பைடர்மேன் ஆட்டத்தில் வலை வானத்தில் போய் ஒட்டும். கீழே தெருவே கிடையாது, விஷப்புகை, விழுந்தால் செத்தான். அதற்கப்புறம் 2004-ல் ட்ரேயார்க் கம்பெனி செய்த ஸ்பைடர்மேன் 2. அதில்தான் வலை நிஜமாகக் கட்டடத்தில் ஒட்டியது. பக்கத்தில் கட்டடம் இருந்தால் தொங்கலாம், இல்லையென்றால் கிடையாது. இன்றைக்கு நீங்கள் சொல்கிற அந்த ஆலம் விழுது சுகம் அங்கே தொடங்கியதுதான்.

அப்போது நான் கும்பகோணத்தில் பதினொன்றாவது. மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு சந்தில் பிஎஸ்2 வைத்து மணிக்கணக்குக்கு விடுகிற கடை இருந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கொடுத்த காசு முதற்கொண்டு அங்கேதான் போகும். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு, பின்னால் ஒரு பாட்டு ஓடும், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், தலைகீழாகத் தொங்கினால் பீட்சா கெட்டுப்போகும். அப்புறம் தெருவில் ஏதாவது ஒரு குழந்தை பலூன் விட்டுவிட்டு அழும், துரத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். உலகத்தைக் காப்பாற்றுகிற ஆளுக்கு எங்கள் தெரு அண்ணன்கள் செய்கிற வேலை.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். வீட்டில் கணினி வாங்கியதும் முதல் வேலையாக அதே ஆட்டத்தின் சிடி வாங்கினேன். அட்டை அதே அட்டை. போட்டுப் பார்த்தால் அது வேறு ஆட்டம்! கணினிக்கென்று தனியாக, சின்னப் பிள்ளைகளுக்கானது மாதிரி செய்திருந்தார்கள். குறி போட்டுக் காட்டுகிற இடத்தில்தான் வலை விட முடியும். கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் சண்டை போட்டேன். அவர் பாவம், அவருக்கே தெரியாது. உலகம் முழுக்கக் கணினிக்காரர்களுக்குக் கிடைத்ததே அதுதான் என்று பத்து வருஷம் கழித்துத் தெரிந்தபோது போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கடை இருந்த இடத்தில் நகை அடகு பிடிக்கிறார்கள்.


ஐயம்பேட்டை அடி:

சவாரி சவாரி என்று உருகுகிறீர்களே, அந்த ஆட்டத்தின் சண்டை எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்தீர்களா? டிக்கெட் காசாம்! எந்த டிஃபிகல்ட்டியில் விளையாடினீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள்.

தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு மின்னியதும் வட்டப் பட்டனைத் தட்டினால் ஒதுங்குகிறான். அந்த மின்னலுக்கும் அடி விழுவதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் ஆட்டமே இருக்கிறது. சதுரப் பட்டனை அழுத்திப் பிடித்து ஒருவனை மேலே தூக்கி, கூடவே தானும் ஏறி, ஆகாயத்திலேயே நாலு வைத்து, கீழே துப்பாக்கியோடு நிற்கிறவன் மேல் எறிந்தால் கிடைக்கிற திருப்தி எந்த ஊஞ்சலிலும் கிடையாது. அர்க்கம் சிட்டி ஆட்டத்தில் பேட்மேன் தரையில் நின்று அடிப்பான், ஒரு பட்டன் அடி, ஒரு பட்டன் திருப்பியடி, நாட்டியம் மாதிரி. இவன் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மேலே எழும்பிவிட்டான். முதல் பத்து மணி நேரம் ராக்கெட் லாஞ்சர்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், உண்மைதான். ஆளை அடித்துச் சுவரோடு ஒட்டுகிற இம்பாக்ட் வெப் வலை கிடைத்த பிறகு ஒவ்வொருவனாகச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன், தீபாவளிக்கு முன்னால் சினிமா போஸ்டர் ஒட்டுகிற மாதிரி.

எனக்குக் கடுப்பு ஸ்பைடர்மேனின் தோழி மேரி ஜேனை வைத்துப் பதுங்கிப் போகிற மிஷன்கள் மட்டும்தான்.


வெண்ணாறு வடகரை:

ஐயம்பேட்டை அண்ணே, கோபப்படாதீங்க. 'அமேசிங்'கில் விளையாடினேன், நடுத்தரம். சண்டை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டையைத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் வைத்தாலும் அதே சண்டைதான். சவாரியை இடம் மாற்ற முடியாது. அந்த ஊரின் தெரு அகலம், கட்டட உயரம், நேர்கோடாகப் போகிற அவென்யூ, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆட்டம். சந்து திரும்பும்போது எந்த மூலையில் ஒட்டும் என்று கை தானாகக் கணக்குப் போடுகிறது. ஊர் மனப்பாடம் ஆகிவிடுகிறது. நான் நியூயார்க் போனதில்லை, போகப் போவதுமில்லை, ஆனால் சென்ட்ரல் பார்க்கின் தென்கிழக்கு மூலையில் இறக்கிவிட்டால் வழி கேட்காமல் போவேன்.

மேரி ஜேன் மிஷன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு கும்பிடு.


கடைமடைக்காரன்:

நாலு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வடகரை கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இன்ஃபேமஸ். 2009, பிஎஸ்3, சக்கர் பஞ்ச் கம்பெனி. என் மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது பழைய பிஎஸ்3 ஒன்றைக் கொண்டுவந்தார், அதோடு வந்த டிஸ்க் அது.

ஹீரோ பெயர் கோல். உடம்பு முழுக்க மின்சாரம். கையால் மின்னல் விடுவான், மின்கம்பியில் நின்று சறுக்கிக்கொண்டே போவான், ரயில் தண்டவாளத்திலும் அப்படித்தான். ஆனால் மின்சாரம் அவனுக்குள் ஊறுவதில்லை. தெருவிளக்கு, டிரான்ஸ்ஃபார்மர், நிற்கிற கார் என்று எதிலிருந்தாவது உறிஞ்ச வேண்டும். அந்த ஊரில் ஒவ்வொரு பகுதியும் முதலில் இருட்டாகக் கிடக்கும். இருட்டுக்குள் போனால் அடிபட்டால் தேற வழி கிடையாது, மின்னல் விட இருப்பு கிடையாது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, நின்றுபோன துணைமின் நிலையத்தை ஓட வைத்தால்தான் மேலே விளக்கு எரியும், அவனுக்கும் தெம்பு வரும்.

இதை முதலில் விளையாடியபோது சாதாரணமாகத்தான் தெரிந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம். வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில். காலையில் எழுந்து பார்த்தால் தென்னை ஒன்று நிற்கவில்லை, மின்கம்பங்கள் தீக்குச்சி மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தது என்றார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 32 நாள் ஆனது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஊர் ஒரு கிணறு மாதிரி இருக்கும். வெளியூர் மின்வாரிய ஆட்கள் லாரியில் கம்பத்தோடு வந்து, வயல் சேற்றில் இடுப்பளவு நின்று, தோளில் தூக்கி நட்டார்கள். கடைசியாக எங்கள் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிய அன்று சாயங்காலம் தெருவிளக்கு எரிந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே!

அதற்கு அப்புறம் இன்ஃபேமஸைத் திரும்பப் போட்டேன். துணைமின் நிலையம் ஓடி, தெரு தெருவாக விளக்கு எரிந்துகொண்டு வருகிற இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அடைபட்ட ஊருக்கு மேலிருந்து சாப்பாட்டுப் பெட்டி போடுவார்கள். ஜனங்கள் ஓடிவரும். அவர்களுக்கு விடலாம், அல்லது மின்னலைக் காட்டி விரட்டிவிட்டு நாமும் நம் கூட்டாளிகளும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் நம்மைத்தான் கேட்கும். முதல் தடவை, பதினெட்டு வயதில், சும்மா வேடிக்கைக்கு விரட்டினேன். இரண்டாம் தடவை விரட்டக் கை வரவில்லை. நிவாரண லாரி வரும் என்று ரோட்டோரம் குடத்தோடு நின்ற வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.


சும்மா பார்வையாளன்:

கடைமடை, இனி உங்கள் பதிவுக்குக் கீழே நான் ஜோக் எழுத மாட்டேன்.


ஐயம்பேட்டை அடி:

நானும். கோல் நம்ம ஊருக்கு வந்தால் ஸ்பைடர்மேனை விட நன்றாகப் பிழைத்துக்கொள்வான் போலிருக்கிறதே. வயலுக்கு வயல் கம்பி போகிறது, ஒவ்வொரு போர்செட்டிலும் மும்முனை மின்சாரம்.


கடைமடைக்காரன்:

அதிலும் ஒரு சிக்கல். கோலுக்குத் தண்ணீர் ஆகாது. ஆழத்தில் விழுந்தால் ஆள் அங்கேயே காலி. நம்ம பக்கம் நூறடிக்கு ஒரு வாய்க்கால். கம்பியில் சறுக்கிக்கொண்டு வருகிறவன் ஜம்பர் (கம்பிகளை இணைக்கிற துண்டுக் கம்பி) போன இடத்தில் தவறி விழுந்தால் நேராகப் பாசன வாய்க்காலில்தான்.

கேட்டால் சிரிப்பீர்கள், 2011-ல் வந்த இரண்டாம் பாகம் நியூ ஆர்லியன்ஸைப் பார்த்துச் செய்த கற்பனை ஊரில் நடக்கிறது. அதுவும் ஆற்று டெல்டாதான், மிசிசிப்பி. வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு பகுதியே உண்டு, கூரைகள் மட்டும் வெளியே தெரியும், கூரைக்குக் கூரை தாவிப் போக வேண்டும். தண்ணீரைக் கண்டால் சாகிற ஆளைக் கொண்டுபோய் வெள்ளக்காட்டில் விட்டவனை நினைத்து நினைத்துச் சிரித்தேன், பாராட்டித்தான்.


எஸ்எஸ்டி சித்தர்:

தஞ்சாவூரில் கணினி சர்வீஸ் செய்கிறேன். வடகரை, நீங்கள் எதில் ஓட்டுகிறீர்கள், சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கா, சுழலாத வேகமான எஸ்எஸ்டியா? 75 ஜிபியை ஹார்ட் டிஸ்க்கில் போட்டிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். இந்த ஆட்டத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டை விட அது முக்கியம் என்பது என் அபிப்ராயம்.

ஏன் என்று சொல்கிறேன். ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மெமரியில் இருக்காது. நீங்கள் போகப் போக முன்னால் உள்ள தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்து வைப்பான், பின்னால் உள்ளதைத் தூக்கிப் போடுவான். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக்கொண்டே முன்னால் போகிற ஆள் மாதிரி. சாப்பிடுகிறவன் வேகமாக வந்துவிட்டால் இலை இருக்காது. பிஎஸ்4-ல் இருந்தது சுழல்கிற பழைய டிஸ்க், அதன் முள் அங்கே இங்கே ஓடித் தேடினால் நேரமாகும் என்று, தபால் பெட்டி போல அடிக்கடி வருகிற சாமான்களை ஒரே இடத்தில் வைக்காமல் டிஸ்க் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதி வைத்தார்கள். சில சாமான்கள் 400 தடவை இருந்தன என்று பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னியே 2020-ல் ஒரு பேச்சில் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் அவர் காட்டிய சோதனை இன்னும் பிரசித்தம். இதே ஆட்டத்தில் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ பிஎஸ்4 ப்ரோவில் 15 விநாடி, புது மெஷினில் 0.8 விநாடி.

ஆகவே நீங்கள் உருகுகிற அந்தச் சவாரியின் வேகத்துக்கே ஒரு காலத்தில் டிஸ்க்தான் வரம்பு போட்டது. இந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் பிஎஸ்5-க்கு மட்டும் 2023 அக்டோபரில் வந்தபோது அவ்வளவு வேகம் கூடியதற்கு எஸ்எஸ்டி ஒரு காரணம்.


வெண்ணாறு வடகரை:

சித்தரே, ஹார்ட் டிஸ்க்தான். அதனால்தானா டைம்ஸ் ஸ்கொயரில் வேகமாகத் திரும்பினால் ஒரு விக்கல் விக்குகிறது! நான் மோட்டார் ஓடுவதால் வோல்டேஜ் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


புறாக்கூடு:

வணக்கம். திருவாரூர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே பெண்கள் யாரும் எழுதிக் காணவில்லை, நானாவது எழுதலாம் என்று.

என் பையனுக்கு வயது பதினொன்று. வலது கை விரல்களில் பிறந்ததிலிருந்து கொஞ்சம் பலம் குறைவு. பட்டனை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுகிற இடங்களில் திணறுவான், அழுகை வந்துவிடும், காட்டிக்கொள்ள மாட்டான். செட்டிங்ஸில் துழாவினேன். தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்ற முடிகிறது, நேரம் பார்த்து அழுத்த வேண்டிய காட்சிகளைத் தானாகவே முடிக்க வைக்க முடிகிறது. இரண்டாம் பாகத்தில் இன்னும் மேல், ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். வலையில் தொங்கும்போது எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 10 வரை அளவு வைத்திருக்கிறார்கள். அவன் 10-ல் தொடங்கினான், இப்போது 6-ல் இருக்கிறான். மாதத்துக்கு ஒன்று என்று அவனே குறைத்துக்கொள்கிறான், நான் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்தது புறா. முதல் பாகத்தில் ஹோவர்டு என்று வீடில்லாத ஒரு பெரியவர், அவருடைய பன்னிரண்டு புறாக்கள் ஊர் முழுக்கப் பறந்துவிடும், துரத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எங்கள் அப்பா மாடியில் புறா வளர்த்தவர். சாயங்காலம் ஒரு புறா திரும்பவில்லையென்றால் சாப்பிட உட்கார மாட்டார், விளக்கு வைத்த பிறகும் கூண்டுக் கதவைத் திறந்தே வைத்து நிற்பார். அதனால் எனக்குப் பன்னிரண்டும் தொல்லையாகத் தெரியவில்லை.

இரண்டாம் பாகத்தில் அதே பெரியவர் திரும்ப வருகிறார். புறாக்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். சண்டை கிடையாது, அடிதடி கிடையாது. சாயங்கால வெயிலில் பறவைக் கூட்டத்தோடு பறந்து போவது மட்டும்தான். திரும்பி வந்தால் என்ன என்பதை விளையாடாதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். பையன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.


டிகிரி காபி:

அக்கா, அந்த மிஷன் முடிந்ததும் நானும் 'பால் வைத்திருக்கிறேன்' பக்கம்தான் போனேன். வீட்டில் பாலே இல்லை.


ஐயம்பேட்டை அடி:

டீச்சர் எழுதியதற்குப் பிறகு என் டிஃபிகல்ட்டிப் பெருமையை வாபஸ் வாங்குகிறேன். முதல் பதிவில் வடகரையிடம் கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

ஆனாலும் ஒரு வாதம் பாக்கி. வடகரை, இடம் சார்ந்த சக்திதான் சுகம் என்கிறீர்கள். அப்படியானால் பறக்கிற ஆள்? சூப்பர்மேனுக்குக் கட்டடம் வேண்டாம், கம்பி வேண்டாம், நம்ம ஊர், அமெரிக்கா எல்லாம் ஒன்று. அவனுக்குத்தானே சிறந்த ஆட்டம் வந்திருக்க வேண்டும்?


வெண்ணாறு வடகரை:

அண்ணே, நீங்களே என் கட்சிக்கு வாதாடிவிட்டீர்கள். அவனுக்குத்தான் இன்றுவரை ஒரு நல்ல திறந்த உலக ஆட்டம் அமையவில்லை! 1999-ல் நின்டெண்டோ 64-க்கு வந்ததில் பனிமூட்டத்துக்குள் வளையம் வளையமாக நுழைந்து பறக்க விட்டார்கள், மோசமான ஆட்டங்கள் பட்டியல் எங்கே போட்டாலும் அது இருக்கும். பறப்பவனுக்கு ஊர் தேவையில்லை, அதனால்தான் ஆகாயத்தில் வளையம் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது.


டிகிரி காபி:

2006-ல் ஈஏ கம்பெனி ஒன்று செய்தது, சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ். ஆட்டம் சுமார்தான். ஆனால் அதில் ஒரு நல்ல மூளை வேலை செய்திருந்தது. சூப்பர்மேனுக்கு அடிபடாது, ஆகவே அவனுக்கு உயிர்க்கோடு கிடையாது. உயிர்க்கோடு ஊருக்கு. கட்டடம் இடிந்தால், ஜனம் அடிபட்டால் ஊரின் கோடு குறையும், அது தீர்ந்தால் ஆட்டம் போச்சு. யோசனை நன்றாக இருந்தது, ஆனால் அந்த ஊரில் காப்பாற்றும்படி ஒரு தெருவும் இல்லை. எல்லாம் அச்சில் வார்த்த கட்டடம். பீட்சா கொடுத்த தெரு மாதிரி ஒன்று இருந்திருந்தால் கோடு குறையும்போது நமக்கும் வலித்திருக்கும்.


எஸ்எஸ்டி சித்தர்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தில் க்வீன்ஸ், ப்ரூக்ளின் பகுதிகளைச் சேர்த்தார்கள். அங்கே வீடுகள் குள்ளம், மன்ஹாட்டன் மாதிரி இல்லை. நடுவில் பெரிய ஆறு. வலை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. அதற்காகத்தான் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் விரிகிற வலைச் சிறகு, ஆற்றுக்கு மேல் தள்ளிக்கொண்டு போகிற காற்றுச் சுரங்கம் எல்லாம். வடகரை கேட்ட தலைப்புக் கேள்விக்கு அவர்களே பாதி பதில் சொல்லிவிட்டார்கள். ஊர் தட்டையானால் ஹீரோ மாற வேண்டும்.


சும்மா பார்வையாளன்:

ஜோக் எழுத மாட்டேன் என்றேன், முடியவில்லை. முதல் பாகம் வெளிவருவதற்கு முன்னால் தேங்கிய தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள் என்று உலகமே சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? முன்னோட்டத்தில் தரை முழுக்கத் தண்ணீர் மின்னியது, அப்புறம் காட்டியதில் காணோம், கிராஃபிக்ஸைக் குறைத்துவிட்டான் என்று ரகளை. கம்பெனிக்காரன் இடத்தைத்தான் மாற்றினோம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பின்னால் போட்டோ எடுக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்வதற்குக் குட்டை ஸ்டிக்கரே கொடுத்தான். ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு வந்து படம் எடுத்திருந்தால் ஒரு வழக்கும் வந்திருக்காது.


வெண்ணாறு வடகரை:

சரி, சித்தர் சொன்ன பிறகு நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். நம்ம ஊருக்கென்று ஒரு ஆள் வேண்டும் என்றால் எப்படி இருப்பான்? உயரம் கிடையாது, ஆகவே வேகம் கிடைமட்டமாகத்தான். வரப்பில் ஓடினால் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஒரு அடி அகலம், கால் தவறி நடவு வயலில் இறங்கினால் சேற்றில் முழங்கால் வரை போய் எல்லாம் போச்சு. வாய்க்கால் குறுக்கே வந்தால் தாவல். அவனுடைய சக்தி ஓடுகிற தண்ணீரிலிருந்து. தேங்கிய தண்ணீர் உதவாது. ஆகவே மதகு திறந்திருக்கிற பக்கம்தான் அவனால் எதுவும் முடியும், முறை வைத்து அடைத்துவிட்டால் அன்றைக்கு அவனும் நம்மைப் போலத்தான்.

ஆட்டம் ஜூன் 12 தொடங்கும், மேட்டூர் திறக்கிற நாள். அதற்கு முன்னால் உள்ள பகுதி முழுக்க அவன் மணலில் நடக்கிற சாதாரண ஆள்.


கடைமடைக்காரன்:

அப்படியானால் கல்லணையில் உள்ளவனுக்கு மூன்றாம் நாள் சக்தி வந்துவிடும். எங்கள் ஊர் ஹீரோவுக்கு? பேரே கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். ஆடி பிறந்தாலும் வராது. கதை முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் ஈரம் வரும்.


ஐயம்பேட்டை அடி:

அதுதான் ஹார்டு மோடு.

வில்லன் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இழையைப் பூட்டிவிடுவார்கள்.


புறாக்கூடு:

பையனிடம் வாசித்துக் காட்டினேன். அறுப்பு முடிந்த வயலில் வேகம் குறையுமா என்று கேட்கிறான். தாளடி கிடந்தால் காலில் குத்துமாம். அப்புறம் கொக்குக் கூட்டத்துக்கு நடுவில் ஓடினால் எல்லாம் ஒன்றாக எழும்ப வேண்டும், அது கட்டாயம் என்கிறான்.


வெண்ணாறு வடகரை:

தம்பிக்குச் சொல்லுங்கள், கொக்கு சேர்த்தாகிவிட்டது. மடையான் கூட்டமும்.

தலைப்பை விட்டு ஒரு உதவி. சித்தரின் பேச்சைக் கேட்டு எஸ்எஸ்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அதே ஆட்டத்தைத் திரும்ப 75 ஜிபி இறக்க வேண்டுமா?


எஸ்எஸ்டி சித்தர்:

வேண்டாம். ஆட்டம் வாங்கிய ஸ்டீம் செயலியில் செட்டிங்ஸ் போய் ஸ்டோரேஜ் பகுதியில் புது டிரைவைச் சேர்த்து, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'மூவ்' கொடுத்தால் அதுவே நகர்த்தும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யுபிஎஸ் இருந்தால் நல்லது.


வெண்ணாறு வடகரை:

யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிஷம் தாங்கும். பக்கத்துக் கொட்டகையில் மோட்டார் எடுக்கும்போதுதான் தொல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுகிறேன், அப்போது மோட்டார் ஓடாது.


கடைமடைக்காரன்:

என் பிஎஸ்3-யும் அதன் டிஸ்க்கும் சும்மா கிடக்கின்றன, நான் இப்போது மன்னார்குடியில்தான் வேலை. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள் வடகரை. இன்ஃபேமஸ் இரண்டு பாகமும் இருக்கிறது. கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் கொஞ்சம் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும், கம்பியில் சறுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் பக்கமாகத்தான் இழுக்கும்.


வெண்ணாறு வடகரை:

ஞாயிறு காலை பத்துக்குள் வருகிறேன். பெரிய கோயில் எதிரே நின்று போன் செய்கிறேன். ராஜகோபாலசாமியைச் சொல்கிறேன், தஞ்சாவூரை இல்லை, சும்மா பார்வையாளன் அங்கே வலையோடு போய் நிற்க வேண்டாம்.